மணிக்கு ஒரு சொட்டு

தேன்கனிக்கோட்டை
4.1.2025

சம்பங்கிக்கு,

முனிவேல் எழுதுகிறேன். எட்டு மாதம் கழித்துப் புருஷனிடமிருந்து கடிதம் வருகிறதே, சமாதானம் பேச வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதே. மருந்து கேட்கத்தான் எழுதுகிறேன். உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் வெங்கடப்பனுக்குப் போட்டேன். என் குரலைக் கேட்டதும் சிக்னல் இல்லாதவன் மாதிரி நாலு தரம் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். மச்சானுக்கு நடிக்கக்கூட ஒழுங்காக வரவில்லை.

அதனால்தான் கடிதம். எங்கள் பண்ணை ரோஜாவைச் சென்னைக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர் பெரியதம்பி தினமும் சாயங்காலம் குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்துவார். நீ வேலை செய்யும் மெடிக்கல் ஷாப் அந்த டீக்கடைக்கு எதிரில்தான் என்றார். பதில் இருந்தால் அவரிடமே கொடு. திரும்பி வரும்போது வாங்கி வருவார்.

விஷயம் இதுதான். வருஷக் கடைசி நாளன்று பிளாஸ்டிக் கூரை போட்ட எங்கள் பாலிஹவுஸுக்குள் செடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். போட்டிருந்த கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஹோஸை இழுத்தேன். ஹோஸில் மாட்டி வளைந்திருந்த ரோஜாத் தண்டு ஒன்று விடுபட்டுப் படீரென்று இடது கண்ணில் அடித்தது. முள் குத்தவில்லை, இலைதான் உரசியது. தண்ணீர் விட்டுக் கழுவினேன். நாலு நாளாகியும் சிவப்பு போகவில்லை. உள்ளே மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. பக்கத்து அறை மாரம்மா கைக்குழந்தைக்காரி. "என் பாலு ரெண்டு சொட்டு விடறேன்ணா, குளுந்துரும்" என்று கிண்ணத்தோடு வந்துவிட்டாள். எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. பிப்ரவரி பதினாலுக்கு ஊர் உலகத்துக் காதலர்களுக்கெல்லாம் நாங்கள்தான் பூ அனுப்ப வேண்டுமாம். இந்தச் சமயத்தில் லீவு கேட்டால் மேனேஜர் என்னைப் பூவோடு சேர்த்து வெட்டிவிடுவார். நல்லதாக ஒரு கண் மருந்து கொடுத்தனுப்பு.

முனிவேல்


குருபரப்பள்ளி
6.1.2025

முனிவேல் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கடையில் நாலு பேர் நிற்கும்போது வேன் டிரைவர், "உங்க வூட்டுக்காரரு குடுத்தாருங்க" என்று சத்தமாகச் சொல்லி நீட்டினார். எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருப்பது எங்கள் கடை முதலாளி ராஜப்பனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்து அனுப்பியிருக்கிறேன். கண் சிவந்து வருகிற எல்லோருக்கும் ராஜப்பன் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நாலு தரம், தரத்துக்கு ஒரு சொட்டு. இரண்டே நாளில் சிவப்பு போய்விடுகிறது என்று வந்து சொல்கிறார்கள். கடிதம் தனியாக வந்தால் வேனில் எங்காவது விழுந்துவிடும் என்று மருந்துப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

பாசத்தில் அனுப்புகிறேன் என்று எண்ண வேண்டாம். கேட்ட யாருக்கும் கொடுப்பேன். நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இரண்டு தரம் எனக்குக் கரு கலைந்தது. இரண்டு தரமும் நீங்கள் பூச்சி மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குள் வந்தீர்கள், அதே சட்டையை என்னிடம் துவைக்கப் போட்டீர்கள். குடத்துத் தண்ணீரில்கூட அந்த நாற்றம் இருந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடலாம் என்று நான் கேட்டது ஒரு குற்றமா? "உன் வயித்துல கொறைய வச்சுக்கிட்டு என் வேலைய எதுக்கு இழுக்கற" என்றீர்கள். மாரம்மாவின் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை என்று இப்போது எழுதுகிறீர்கள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிந்தது.

கையைக் கழுவிவிட்டு மருந்து போடவும்.

சம்பங்கி


தேன்கனிக்கோட்டை
10.1.2025

சம்பங்கிக்கு,

உன் கோபத்துக்கு இருக்கிற வீரியம் உன் மருந்துக்கும் இருக்கிறது. மூன்றாம் நாளே சிவப்பு வடிந்துவிட்டது. உறுத்தலும் இல்லை. "எங்க வாங்குன, எங்க வாங்குன" என்று அறையில் என்னோடு இருக்கும் ஆஞ்சப்பன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மெடிக்கல் ஷாப்பில் எனக்கு ஆள் இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டேன். அதற்கு நீ இன்னொரு சண்டை போடலாம்.

ஒன்று சொல்கிறேன். போன மாதம் எங்கள் பழைய ஸ்பிரே சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்தப் பூ சீசன் முடிந்ததும் அந்த இடத்துக்கு ஆள் போடுவார்கள். எங்கள் மேனேஜர் கன்னடத்துக்காரர். "முனிவேல், ஒந்து நாளும் லீவு போடாதே, உன் பேர்தான் எழுதுவேன்" என்று தமிழும் கன்னடமும் கலந்து சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் மருந்து கலக்க வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. நோட்டும் பேனாவும்தான். சட்டையில் மருந்து படாது. சமையல்கட்டு தனியாக இருக்கிற வீடும் தருவார்கள்.

அன்றைக்கு நான் சொன்னது வாயில் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. இதை எழுதவே மூன்று காகிதம் கிழித்தேன்.

மருந்து தீரப்போகிறது. இன்னொரு பாட்டில் அனுப்பு.

முனிவேல்


குருபரப்பள்ளி
14.1.2025

மாமா,

பொங்கல் வைத்தோம். அண்ணன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வேன் வந்ததா என்று என்னிடம் கேட்டது.

மருந்து அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் வேலை கிடைக்கட்டும், அப்புறம் பேசலாம். கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சம்பங்கி


தேன்கனிக்கோட்டை
19.1.2025

சம்பங்கி,

நீ மாமா என்று எழுதியதை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

கண் மறுபடியும் படுத்துகிறது. இரண்டு நாளாக வலி. வெயிலைப் பார்க்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டுகிறது. ஆஞ்சப்பன் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் மூக்குத்திக் கல் அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது என்றான். மருந்து போட்டால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கிறது, அதனால் நாலு தரத்துக்குப் பதில் ஆறேழு தரம் போடுகிறேன். அந்தப் பக்கத்துப் பார்வை பனி படிந்த மாதிரிதான் இருக்கிறது. இதைவிட வீரியமாக ஏதாவது இருந்தால் அனுப்பு.

முனிவேல்


குருபரப்பள்ளி
20.1.2025

மாமா,

இதைப் படித்த உடனே அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். இன்னொரு சொட்டுகூட விட வேண்டாம். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், கையோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஓசூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் கடை லைசென்ஸ் மருந்துப் படிப்புப் படித்த ஜைபா மேடம் பெயரில் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் கையெழுத்துப் போட வருவார். இன்று உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "செடி அடிச்ச கண்ணுக்கு இதக் குடுத்தியா" என்று கேட்டார். அவர் சொன்னதையெல்லாம் எழுத நேரமில்லை, வேன் நிற்கிறது. பெரியதம்பி அண்ணன் சென்னைக்குப் போகிறார், அதனால் அவர் ஓசூர் பக்கம் போகும் வேறொரு வேனில் இதைக் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நம்பரை போனில் திறந்துவிட்டேன். பத்துத் தரம் போட்டேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. பூவும் வேண்டாம் சூப்பர்வைசரும் வேண்டாம், போங்கள்.

சம்பங்கி


தேன்கனிக்கோட்டை
23.1.2025

சம்பங்கி,

போனேன். எங்கள் போனையெல்லாம் காலையில் வாசலில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் கிடைக்கவில்லை. சாயங்காலம் கையில் வந்தாலும் பேச இஷ்டமில்லை. போனில் பேசினால் உடைந்துபோவேன். கடிதமே எழுது.

டாக்டரம்மா சின்ன வயசுதான். கண்ணை மரத்துப்போகச் செய்து அந்த வெள்ளையிலிருந்து கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மெஷினில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் நூலாக இருந்தது. பூஞ்சையாம். ரோஜா இலையிலிருந்து உள்ளே போயிருக்கிறது. எட்டு வருஷமாக ரோஜாவுக்குச் சாம்பல் நோய் வராமல் பூஞ்சைக்கு மருந்து அடிக்கிறவன் நான். என் கண்ணில் வந்து குடியேறியிருக்கிறது பார்.

பாட்டிலைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "இதுல ஸ்டீராய்டு இருக்கு. செவப்ப அமுக்கிக் காட்டும், உள்ள பூஞ்சை நல்லா வளரும். யார் குடுத்தது?" என்றார். நானே தேன்கனிக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டு வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் யாரிடமும் வேறு மாதிரி சொல்லாதே.

அட்மிட் ஆகச் சொன்னார். மூன்று வாரம் பெட்டில் படுத்தால் சூப்பர்வைசர் இடம் இன்னொருவனுக்குப் போகும். அந்த இடத்தை எதற்காகக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். அறையில் இருந்தே ஒழுங்காகப் போடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. முதல் இரண்டு நாள் ராத்திரியும் எழுந்து போட வேண்டும். செய்கிறேன்.

முனிவேல்


குருபரப்பள்ளி
24.1.2025

மாமா,

கடை பெயரை மாற்றிச் சொன்னதைப் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மருந்தைப் பற்றி எழுதுகிறேன். ஜைபா மேடத்தின் வீட்டுக்கே போய் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்திருக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன் என்று அலட்சியம் வேண்டாம்.

இந்த மருந்து தண்ணீரில் கரைவதில்லை, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தரமும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும். நீங்கள் ஸ்பிரே டேங்கைக் கலக்காமல் அடிப்பீர்களா, அது மாதிரிதான். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், செடி மருந்து தொட்ட கை அது. பாட்டில் மூக்கு இமையில் படக் கூடாது. கீழ் இமையை இழுத்துவிட்டு உள்ளே ஒரு சொட்டு, அப்புறம் இரண்டு நிமிஷம் மூடியிருக்க வேண்டும். இன்னொரு சொட்டு மருந்தும் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷமாவது விடுங்கள், சேர்த்து விட்டால் ஒன்று மற்றதைக் கழுவிவிடும். கண்ணுக்குள் வெள்ளையாகத் திட்டு நிற்குமாம். அது பீளை இல்லை, மருந்துதான். அதை நோண்டி எடுக்காதீர்கள். துணி கட்டி மூடாதீர்கள். ஆஞ்சப்பனுக்குக் கண் சிவந்தால் உங்கள் பாட்டிலைக் கொடுக்காதீர்கள், அவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

முக்கியமானது கடைசியில்தான். பூஞ்சை சீக்கிரம் சாகாது. சிவப்பு போனாலும், வலி போனாலும், டாக்டர் நிறுத்து என்று சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. வாரக் கணக்கில் ஆகும். வரச்சொன்ன நாளில் போய்க் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் தவறினால் அந்த ஒரு மணி நேரம் அதற்குத்தான் லாபம் என்றார் மேடம்.

நான் அங்கே இருந்தால் நானே போட்டுவிடுவேன். அங்கே இல்லையே.

சம்பங்கி


தேன்கனிக்கோட்டை
31.1.2025

சம்பங்கி,

நீ எழுதியதை அறைச் சுவரில் சோறு தடவி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆஞ்சப்பன் தினமும் சத்தமாகப் படித்துக் காட்டி என்னைக் கிண்டல் செய்கிறான். முதல் இரண்டு ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்தேன். 28ஆம் தேதி போய்க் காட்டினேன். பரவாமல் நின்றிருக்கிறது, ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இப்படியே போடுங்கள், 4ஆம் தேதி வாருங்கள் என்றார். நீ கும்பிட்ட சாமி எதுவோ அதற்கு நன்றி.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகிறேன். திட்டாதே. மருந்து அடிக்கவில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பூ வெட்டி அடுக்குகிறேன், அவ்வளவுதான். பாட்டில் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. போன் உள்ளே விட மாட்டார்கள், கையுறைக்குள் வாட்ச் கட்ட முடியாது, அப்புறம் மணி எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பாலிஹவுஸ் மேலே ஃபாகர் இருக்கிறதல்லவா, செடிக்குப் பனி மாதிரித் தண்ணீர் தூவும் குழாய், அது மணிக்கு ஒரு தரம் உஸ்ஸென்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் வெளியே வந்து கை கழுவிப் பாட்டிலைக் குலுக்குவேன். எங்கள் ஆட்களுக்கு டீ நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாமே அந்தச் சத்தம்தான். எந்த ஆஸ்பத்திரி நர்ஸும் இவ்வளவு ஒழுங்காகக் கூப்பிட மாட்டாள்.

சூப்பர்வைசர் விஷயம் உறுதி மாதிரிதான். தனி வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை இருக்கிறது.

முனிவேல்


குருபரப்பள்ளி
3.2.2025

மாமா,

இங்கே மூன்று நாளாக மூட்டமும் தூறலும். வெயிலே இல்லை. அங்கே எப்படி?

ஃபாகர் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. காற்றில் ஈரம் குறைந்தால்தான் அது ஓட வேண்டும் என்று நீங்கள்தானே ஒரு காலத்தில் எனக்குச் சொன்னீர்கள். தூறல் நாளில் அதற்கு என்ன வேலை? அது மணி பார்த்து ஓடுகிறதா, ஈரம் பார்த்து ஓடுகிறதா? யாரிடமாவது கேளுங்கள். ஒரு டைம்பீஸ் வாங்கி இத்துடன் கொடுத்திருக்கிறேன். மணிக்கு மணி அடிக்கும். பாலிஹவுஸில் அது அடித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரியதம்பி அண்ணன் இந்தத் தரம் சென்னை போய்விட்டுத் திரும்ப இரண்டு நாளாகும் என்பதுதான் கவலை. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இனி எடுங்கள்.

நாளைக்கு 4ஆம் தேதி. இது கைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சம்பங்கி


ஓசூர், ஆஸ்பத்திரி
9.2.2025

சம்பங்கி,

நாளைக்கு ஆபரேஷன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

டைம்பீஸ் வந்தது. அது வருவதற்குள் கண் கெட வேண்டியது கெட்டுவிட்டது. மூட்டமாக இருந்த நாளெல்லாம் ஃபாகர் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு தரமோ மூன்று தரமோதான் ஓடியிருக்கிறது. நானும் இரண்டு மூன்று சொட்டுதான் விட்டிருக்கிறேன். பூ வெட்டுகிற அவசரத்தில் நேரம் மெதுவாகப் போகிறது என்று நினைத்தேனே தவிர, சத்தம் வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிவப்பு குறைந்திருந்ததால் பயமும் இல்லை. முன்பெல்லாம் அது மணிக்குத்தான் ஓடும். டிசம்பரில் ஈரம் பார்க்கிற கருவி மாட்டினார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

4ஆம் தேதி வரவில்லை. அன்றைக்கு ஏற்றுமதி லோடு. 7ஆம் தேதி காலையில் கண்ணிலிருந்து சூடாக ஏதோ வழிந்தது. கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டதாம். செத்துப்போன யாரோ கொடுத்த கண்ணிலிருந்து எடுத்து ஒட்டுப் போடுவார்கள். பார்வைக்கு இல்லை, கண்ணைக் காப்பாற்ற.

ஆஞ்சப்பன் கூட இருக்கிறான். நீ வர வேண்டாம்.

முனிவேல்


குருபரப்பள்ளி
11.2.2025

மாமா,

ஆபரேஷன் முடிந்தது என்று ஆஞ்சப்பன் அண்ணன் போனில் சொன்னார். ஒட்டுப் பிடிக்குமா என்று கேட்டேன். பதினைந்து நாள் போக வேண்டும் என்றார்.

ஃபாகர் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சொல்லாத ஒன்று இருக்கிறது, இன்று சொல்லிவிடுகிறேன். அந்த முதல் மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. பூஞ்சை இருக்கிற கண்ணில் போடக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. என் கடிதத்தை மடித்து வைக்கப் பெட்டியில் இடம் போதவில்லை. அந்தத் தாளை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அந்த இடத்தில் என் கடிதத்தை வைத்தேன். உன் வயிற்றில் குறை என்று நீங்கள் சொன்னதை எழுதிக் குத்திக்காட்டிய கடிதம். உங்களுக்குத் தெரிய வேண்டியதை எடுத்துவிட்டு என் ஆத்திரத்தை உள்ளே வைத்து மூடி அனுப்பியிருக்கிறேன். ஜைபா மேடம் இன்னொரு பெட்டியிலிருந்து அதே தாளை எடுத்து விரித்து விரலால் காட்டியபோதுதான் எனக்கு இது தெரிந்தது. ஜனவரி 20ஆம் தேதியே தெரியும். உங்களிடம் சொல்ல இருபத்திரண்டு நாளாகியிருக்கிறது.

நேற்று ஒரு கிழவர் சிவந்த கண்ணோடு வந்தார். ராஜப்பன் அதே மருந்தை எடுத்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். பெரிய சண்டை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கிழவர் பக்கத்துக் கடையில் அதையே வாங்கிக்கொண்டு போனார்.

பொங்கல் முடிந்ததுமே வந்திருப்பேன். நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நானே கேட்கிறேன். வரட்டுமா? அண்ணனிடம் பேசிவிட்டேன். அது தடுக்கவில்லை.

சம்பங்கி


தேன்கனிக்கோட்டை
8.3.2025

சம்பங்கி,

ஒட்டுப் பிடிக்கவில்லை. பூஞ்சை அதிலும் ஏறிவிட்டது. மாத்திரை, ஊசி, கண்ணுக்குள்ளேயே ஊசி, எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். இதற்கு மேல் விட்டால் உள்ளே பரவும் என்று போன மாதம் 26ஆம் தேதி கண்ணை எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. இரண்டு மாதத்தில் வலி இல்லாத முதல் நாள் அதுதான். புண் ஆறினதும் செயற்கைக் கண் வைக்கலாமாம்.

சூப்பர்வைசர் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷன், துரத்திவிடவில்லை. வாசலில் உட்கார்ந்து ஆட்களிடம் போன் வாங்கி வைக்கிற வேலை கொடுத்திருக்கிறார். தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. நாளெல்லாம் மணி தெரிகிறது.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலேயே படித்தேன். அந்தத் தாள் இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். உன் கடிதத்தைத்தான் படித்திருப்பேன். இது உன்னைத் தேற்ற எழுதுவதில்லை, உண்மை.

ஆனால் நீ வராதே. யோசித்துத்தான் சொல்கிறேன். வந்தால் தினமும் என் முகத்தைப் பார்ப்பாய். பார்க்கும்போதெல்லாம் உனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வரும். நீ வாய் திறந்து மன்னிப்புக் கேட்காவிட்டாலும் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன், நீ எட்டு மாதம் அதைச் சுமந்தாய். இதை எத்தனை வருஷம் சுமப்பாய்? குறை இல்லாதவனாக உன்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான் அந்தச் சீசன் முழுக்க ஓடினேன். அது முடியவில்லை.

வேறு நல்ல வேலை தேடிக்கொள்.

முனிவேல்


குருபரப்பள்ளி
24.3.2025

மாமா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன்.

வராதே என்று நீங்கள் எழுதியதை மதிக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். இரண்டு புடவை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன். அண்ணன் பஸ் ஏற்றிவிட்டு, "போயி சேந்ததும் போன் பண்ணு" என்றது. ஓசூரில் இறங்கி, மாறி, பண்ணை நிறுத்தத்தில் இறங்கும்போது மணி பதினொன்றரை.

வாசல் அறையில் உட்கார்ந்திருந்தீர்கள். பச்சைச் சட்டை. முன்னே போன் பெட்டி. நான் ரோட்டைக் கடந்து வந்து நின்ற பக்கம் உங்களுடைய இடப்பக்கம். பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பக்கம் உங்களுக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் திரும்புவீர்கள் என்று நின்றேன். காலடிச் சத்தம் கேட்காதா என்று நின்றேன்.

அப்போது வேலைக்காரர் ஒருவர் என் பக்கமாகவே வந்து உங்களைக் கடந்துபோய் உங்கள் தோளைத் தட்டினார். நீங்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தீர்கள். பெட்டியில் கை இடித்தது. அப்புறம் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். தப்பு செய்துவிட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கெஞ்சுகிற மாதிரிச் சிரிப்பு. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அப்படி நீங்கள் யாரிடமும் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னிடம் சண்டை போட்ட ஆள் அப்படிச் சிரிக்க மாட்டார்.

நான் கூப்பிட்டால் என்னைப் பார்த்தும் அப்படித்தான் சிரிப்பீர்கள். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் ஆகாது. நீங்கள் கடிதத்தில் எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

அரை மணி நேரம் நின்றேன். நீங்கள் போன்களை வாங்கினீர்கள், துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள், இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பத்தடி சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்திருந்தால் போதும், உங்களுக்கு நான் தெரிந்திருப்பேன். என்னால் வர முடியவில்லை. ஓசூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சம்பங்கி